கோஸ்தான் அடிக்கப் பயந்தவள்

எஸ்டேட்டில் புதிதாக லோரி ஏறியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்கள் என்று ஆபீசிலிருந்து என்னைக் கேட்டார்கள். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள். கேமரன் மலையில் பாதி ஆயுசைக் கொழுந்து லோரியில் கழித்துவிட்டு இப்போதுதான் வீட்டோடு இருக்கிறேன். தைரியம் என்னிடம் என்றைக்கும் மிச்சமாக இருந்ததில்லை. பயம் வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருந்தது. அதனால் பயத்தைப் பற்றியே சொல்கிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து கேன்டீனுக்குப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிளட்ச், பிரேக், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும் விதம் எல்லாம் சொல்லித்தர வொர்க்‌ஷாப்பில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு கியரைப் பற்றி. வண்டியைப் பின்னால் எடுப்பதை இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருமே கோஸ்தான் என்றுதான் சொல்கிறோம். நம் எஸ்டேட் பாதைகளில் பாதிக்கு மேல் தேயிலைச் சரிவுக்குள் போய் அப்படியே முடிந்துவிடும். திருப்ப இடம் இருக்காது. கோஸ்தான் தெரியாதவனுக்கு இங்கே வேலை இல்லை. எனக்கு அது நன்றாகவே வரும். “பொம்பள ஓட்டுற லோரில நான் ஏற மாட்டேன்” என்று முறைத்துக்கொண்டு நடந்து போனவர்கள்கூட, நான் சரிவில் பின்னால் எடுப்பதைப் பார்த்துவிட்டு மறுநாள் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக்கூடாது?

என்னோடு கெலிண்டானாக, அதாவது லோரியில் உதவியாளாக, இருந்தவன் மாரிமுத்து. எல்லாருக்கும் அவன் மாரி. என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்பான். நான் கோஸ்தான் அடிக்கும்போது இறங்கிப் பின்னால் நின்று வழி சொல்வது அவன் வேலை. முன்பெல்லாம் “வா, வா” என்று தமிழில் சொல்வான். பிறகு கொழுந்து வெட்ட வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாக மலாய்தான். மலாயில் வா என்பதற்கு மாரி. ஆக, காடு முழுவதும் “மாரி, மாரி” என்று லோரியை அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. “பாருங்கக்கா, நாள் பூரா என் பேரையே நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்று அவன் சிரிப்பான். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் மேல்காட்டில் பனி இறங்கியிருந்தது. கொழுந்து மூட்டைகள் காத்திருந்தன. நான் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாரி குரல் கொடுக்க, நான் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் அவன் குரல் நின்றது, நானும் நிறுத்தினேன். சக்கரத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்த கல்லை எடுக்கக் குனிந்தவன் ஈர மண்ணில் வழுக்கி விழுந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. மேலே நின்ற கங்காணி அதைப் பார்த்துவிட்டுப் பதறி, “மாரி! மாரி!” என்று கத்தினார்.

அவர் ஆளைக் கூப்பிட்டார். நான் வரச்சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்சக்கரம் எதிலோ லேசாக ஏறி இறங்கியது. பிறகு கேட்ட சத்தத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. துரை என்று நாம் இன்னும் கூப்பிடும் மேனேஜர் விசாரித்தார். யார் மேலும் தப்பில்லை என்று முடிவானது. இனிமேல் யாரும் வாயால் வழி சொல்லக்கூடாது, விசில்தான் என்று உத்தரவு போட்டார்கள். கங்காணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை.

லீவு முடிந்து வண்டியில் ஏறினேன். முன்னால் போவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. கோஸ்தான் கியரில் கையை வைத்ததும் கால் கிளட்சை விட மறுத்தது. பின்னால் யாரோ கிடக்கிறார்கள் என்று மனம் சாதித்தது. இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஏறினேன். ஏறுவதற்குள் யாராவது வந்து படுத்திருக்கலாமே என்று தோன்றியது. சிரிக்காதீர்கள். பயத்துக்கு அறிவு கிடையாது.

வெளியில் சொன்னால் என்ன ஆகும்? “அப்பவே சொன்னேன்லா, பொம்பளைக்கு எதுக்கு லோரி” என்று பேச நாக்குகள் தயாராக இருந்தன. எனக்குப் பின்னால் லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருந்த லயத்துக் குடியிருப்புப் பெண்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் மறைத்தேன். மறைப்பதில் நான் காட்டிய சாமர்த்தியத்தை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. முட்டிக்கொண்டு நிற்கும் பாதைகளுக்குள் போகாமல் வாசலிலேயே லோரியை நிறுத்தி, “உள்ள ஒரே சேறுலா, மூட்டைய இங்க தூக்கிட்டு வாங்க” என்பேன். பாவம், சுமந்து வந்தார்கள். ஃபேக்டரியில் இறக்கும் மேடைக்குப் பின்னால் எடுக்க வேண்டிவந்தால் வலிக்கிறது என்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேறு டிரைவரை ஏற்றிவிடுவேன். லோரியைத் திருப்புவதற்காக மலையையே சுற்றி வந்த நாளும் உண்டு.

நடுவில் ஆபீசில் ஒரு தன்னம்பிக்கை வகுப்பு வைத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தவர் நல்ல மனிதர், சிரித்த முகம். தினமும் கண்ணாடியைப் பார்த்து, “என்னால் முடியும்” என்று சொல்லுங்கள் என்றார். நானும் சொன்னேன். வீட்டுக் கண்ணாடியில் முடிந்தது. லோரிக் கண்ணாடியைப் பார்த்ததும் முடியவில்லை. பிரிஞ்சாங் போய்க் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். அதுவும் முன்னால் போகும்போதுதான் வேலை செய்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் மாரி வேலைக்குத் திரும்பினான். ஸ்டோரில் உட்கார்ந்த வேலை கொடுத்திருந்தார்கள். வேண்டாம், பழைய லோரிதான் வேண்டும் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் அடம்பிடித்து வாங்கியிருக்கிறான். இடது காலை இழுத்து இழுத்து அவன் லோரியில் ஏறியதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனி இவன்தானே பின்னால் நிற்பான்?

அவனிடம் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அந்த வாரமே கேட்டுவிட்டான்.

“அக்கா, ஏன் நீங்க கோஸ்தானே அடிக்க மாட்டேங்கிறீங்க?”

“கழுத்து வலிலா.”

“கழுத்து வலிக்கிற ஆளு, இந்தப் பக்கம் திரும்பி என்னோட நல்லாத்தானே கதை பேசுறீங்க?”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவன் அதற்கு மேல் தோண்டவில்லை. மாதம் முடிந்ததும் கிராணியிடம் சொல்லி ஃபேக்டரிக்குள் தூள் சலிக்கும் வேலைக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அங்கே எதையும் பின்னால் எடுக்க வேண்டியதில்லை.

மாதம் முடிவதற்குள் அந்த மத்தியானம் வந்துவிட்டது.

கீழ்ச்சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஒரு செடியில் இருந்த குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பித்தார்கள். மெஷினைப் பிடித்திருந்த கரீம் என்ற வங்காளதேசத்துப் பையனின் முகம், கழுத்து எல்லாம் கொட்டிவிட்டது. என் லோரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் கண்கள் மூடிப்போகும் அளவுக்கு வீங்கியிருந்தன, உதடு தடித்திருந்தது. கங்காணி போன் போட்டுப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் என்றைக்கு லைன் கிடைத்தது? தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நாமேதான் கொண்டுபோக வேண்டும். கரீமை என் பக்கத்து சீட்டில் சாய்த்தோம். மற்றவர்களோடு மாரியும் பின்னால் ஏறிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது.

வெளியே போகும் பாதை அங்கே மேலே ஏறும். வலது பக்கம் மண்சுவர், இடது பக்கம் பள்ளம், ஒரு லோரி போகும் அகலம். வளைவைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தேன். எதிரே மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. வேரோடு ஒரு மரம் குறுக்கே கிடந்தது. சரிவிலிருந்து சேறு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. முன்னால் போக வழியே இல்லை. பின்னால் கீழே, நாங்கள் கடந்து வந்த முச்சந்தியில், காய்கறித் தோட்டங்கள் வழியாகக் கியா பார்முக்கு ஏறும் இன்னொரு பாதை பிரிகிறது. அதைப் பிடித்தால் பிரிஞ்சாங் போய்த் தானா ராத்தாவுக்கு இறங்கிவிடலாம். ஆனால் அந்த முச்சந்தி வரைக்கும் கோஸ்தான்தான். வளைவுகளோடு, இறக்கத்தில், மழையில்.

கையைக் கியரில் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. காது அடைத்துக்கொண்டது. நம்புங்கள், பக்கத்தில் ஒரு உயிர் போராடிக்கொண்டிருந்தபோதும் என்னால் முடியவில்லை. ஆபத்து வந்தால் பயம் தானாக ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்து வந்தால் அது இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டு உட்காரும்.

கரீம் என் பக்கம் தலையைத் திருப்பினான். “காக்...” என்றான். அக்கா என்பதற்கு மலாயில் அதுதான். அதற்கு மேல் குரல் வரவில்லை. அவன் தொண்டைக்குள் காற்று கீச்சிட்டது.

கதவைத் திறந்து மழையில் இறங்கினேன். பின்பக்கம் போய், எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“எல்லாரும் எறங்குங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆள வச்சுக்கிட்டு என்னால கோஸ்தான் அடிக்க முடியாது.”

அத்தனை மாதம் கழுத்து வலி, சேறு என்று கட்டிக் காத்தது அந்த ஒரு வரியில் போயிற்று. யார் என்ன நினைத்தார்கள் என்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை. ஆனால் சொன்னதும் ஒன்று நடந்தது. மறைக்கும் வேலை முடிந்துபோனதால் யோசிக்க இடம் கிடைத்தது. என்னை எது பயமுறுத்துகிறது? பின்னால் ஆள் இருக்குமோ என்பது. அப்படியென்றால் பின்னால் ஆளே இல்லாமல் செய்துவிட வேண்டும். கங்காணியிடம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு முச்சந்திக்கு நடங்கள், பாதையில் ஒருவரும் நிற்கக்கூடாது, கீழே போய்ச் சேர்ந்ததும் கூப்பாடு போடுங்கள் என்றேன். அவர் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனார்.

மாரி போகவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

“அங்க நிக்காத!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பின்ன எங்கக்கா நிக்கிறது? இடது சக்கரம் பள்ளத்துல எறங்கிரும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாதுலா.”

“முன்னாடி வா. இடது முனையில, என் மூஞ்சிக்கு நேரா நில்லு. அங்கேர்ந்து சக்கரத்தப் பாரு. நான் வண்டிய எறக்குறது கீழ் பக்கமா. வண்டி உன்ன விட்டு விலகித்தான் போகும், உன் மேல வராது.”

அவன் வந்தான். வந்து நின்றவன் முதலில் என்னைப் பார்க்கவில்லை, திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் சேறு வழிந்துகொண்டிருந்த சரிவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. காலு ஒடஞ்சதுலேர்ந்து லோரி சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்குது. அதுக்குத்தான் திரும்பி உங்க வண்டிக்கே வந்தேன். வேற வண்டிக்குப் போனா என்னைக்கும் போகாதுன்னு நெனச்சேன்” என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அழுறதுக்கு இப்ப நேரமில்ல, கைய காட்டு” என்றேன்.

கீழேயிருந்து கூப்பாடு வந்தது. பாதை காலி. கியரைப் போட்டேன். பயந்துகொண்டே கிளட்சை விட்டேன். மாரி கையால் காட்டக் காட்டப் பின்னால் போனேன். அவன் நொண்டிக்கொண்டே என் முகத்துக்கு நேராகவே நடந்து வந்தான். கொஞ்சம் போனதும் பின்னால் ஆள் கிடக்கிறது என்று மனம் அலறியது. நிறுத்தினேன். இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு வந்து ஏறினேன். மாரி மறுபடி கையைக் காட்டினான். வளைவில் இடது சக்கரத்தின் கீழே மண் உதிர்வதைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். நிறுத்தி, கொஞ்சம் முன்னால் ஏறி, ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடி இறக்கினேன். கரீமின் மூச்சு என் காதுக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பின்னால் என்ன இருக்கிறதோ என்ற பயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் வண்டி இறங்கியது. அடுத்த வளைவிலும் நிறுத்தினேன், இறங்கிப் பார்த்தேன், ஏறினேன். வெட்கப்படவே இல்லை.

முச்சந்தி வந்தது. கங்காணி இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் ஓரத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரி காலை இழுத்துக்கொண்டு ஏறிக் கரீமைத் தாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லாம் முன்னால்தான். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் என்னைத் திட்டினார்களோ.

ஆஸ்பத்திரி வாசலில் கரீமைத் தூக்கிப் படுக்கையில் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாரியும் கூடவே நொண்டி ஓடினான். நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவன் பிழைப்பானா என்று தெரியாது. யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து மாரி கதவருகில் வந்து, “ஊசி போட்டாச்சுக்கா, மூச்சு வருது, பொழச்சுக்குவான்னு டாக்டர் சொல்றாரு” என்று சொல்லிவிட்டு, கரீமின் அடையாளக் கார்டைக் கேட்கிறார்கள் என்று மறுபடி உள்ளே ஓடினான். அப்போதுதான் எனக்கு ஓவென்று அழுகை வந்தது.

தம்பி தங்கைகளே, இங்கே முடித்திருந்தால் நல்ல கதைதான். ஆபத்தில் ஒரு தடவை செய்துவிடலாம். கத்தல், மழை, உயிர் எல்லாம் சேர்ந்து ஆளைத் தள்ளிவிடும். அதனால் என் நம்பிக்கை திரும்பிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு மறுபடி கை நின்றுவிடும் என்றுதான் பயந்தேன். தூள் சலிக்கும் வேலை இன்னும் மனதில் இருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். ஆஸ்பத்திரி காவலாளி, வயதான மலாய்க்காரர், கையில் குடை. என் லோரி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறதாம், ஆம்புலன்ஸ் வரப்போகிறதாம். “காக், கோஸ்தான் சிக்கிட்” என்றார். கொஞ்சம் பின்னால் எடுங்கள், அவ்வளவுதான் கேட்டார். சாவியை அவரிடம் கொடுத்து நீங்களே எடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொள்ளக் கையும் போனது.

மாரி உள்ளே இருந்தான். வழி சொல்ல ஆள் இல்லை. பின்னால் ஜனங்கள் குடையோடு போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கினேன். “பாக் சிக், எனக்கு வண்டியைப் பின்னால் எடுக்கப் பயம். பின்னால் போகிறவர்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்” என்று மலாயில் சொன்னேன்; பாக் சிக் என்றால் மாமா. அவர் என்னையும் லோரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடையை நீட்டி ஜனங்களை ஓரம் கட்டினார். நான் லோரியின் பின்பக்கம் முழுவதும் நடந்து பார்த்தேன். குனிந்து அடியிலும் பார்த்தேன். ஏறினேன். கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வெள்ளைக் கோடு வரைக்கும் போய் நிறுத்தினேன்.

யாரும் கைதட்டவில்லை. காவலாளி அதற்குள் அடுத்த காரிடம் போய்விட்டார். நான் மட்டும் என்ஜினை அணைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து வாசலை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை மாற்றம் கேட்டுக் கிராணியிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்தது.